துண்டில்லாத குளிசை

மன்னார் வீடுகளில் மாத்திரை என்ற சொல் அதிகம் புழங்குவதில்லை. குளிசை என்பார்கள். கிளினிக் நாளன்று வைத்தியசாலை வரிசையில் நின்று வாங்கி வரும் சின்னக் கடதாசிப் பைகளில் அது இருக்கும். பையின் மேல் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று எழுதியிருக்கும். அம்மம்மாவுக்கு பிரஷர் குளிசை, அப்பாவுக்குச் சீனி வருத்தக் குளிசை. நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பேரப்பிள்ளைகளுடையது. பிள்ளை முதன்முதலில் நம்பப் பழகும் பொருள்களில் குளிசையும் ஒன்று. அதைத் தந்தவர் வைத்தியர், வாங்கிவந்தவர் அம்மா.

அந்தச் சொல்லோடு இப்போது இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அவன் குளிசை போடுறவன்' என்று ஒரு பெடியனைப் பற்றிச் சொன்னால் அவனுக்கு நோய் என்று யாரும் விளங்கிக்கொள்வதில்லை. தலைமன்னார், பேசாலை, சிலாவத்துறை, தெற்கே கற்பிட்டி என்று இந்தக் கரை நெடுகக் கடற்படையினர் கைப்பற்றியதாக அறிவிக்கும் பொருள்களில் கேரளக் கஞ்சா, பீடி இலை ஆகியவற்றோடு குளிசைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் அதிகம் அடிபடும் பெயர் பிரிகபலின். நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் வைத்தியர் துண்டு எழுதித் தரவேண்டிய மருந்து அது. இங்கே கரையேறுவது துண்டில்லாமல்.

இளையோரிடையே மருந்துகள் போதையாகும் சிக்கலை உலகம் பேசும்போது முதலில் வருவது ஊக்கி மருந்துகள். கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு எழுதித்தரும் மெதைல்பெனிடேட், அம்பெட்டமின் ஆகியவற்றை, நோயே இல்லாத மாணவர்கள் பரீட்சைக்கு முந்தைய இரவில் விழுங்கும் பழக்கம் அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பழைய கதை. மன்னாரின் கதை அதிலிருந்து விலகி நிற்பதுபோலத் தோன்றும். பிரிகபலின் ஊக்கி மருந்தே அல்ல, நரம்பை அடக்கும் மருந்து. ஆனால் அதே கரையில், அதே வயதுப் பெடியளின் கையில் 'ஐஸ்' என்ற மெதம்பெட்டமினும் இருக்கிறது. அதன் பூர்வீகம் மருந்துக்கடைதான். ஒன்று ஏற்றும், மற்றது இறக்கும். ஊக்கியால் பறிபோன நித்திரையை அடக்கும் மருந்தால் திருப்பி வாங்கப் பார்ப்பது போதைக்குப் பழகியவர்களிடம் உலகெங்கும் காணப்படும் வழக்கம். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஐஸின் பூர்வீகத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அம்பெட்டமினை 1887இல் ருமேனிய வேதியியலாளர் லாசர் எடெலியானு முதலில் உருவாக்கினார். அப்போது அதற்கு ஒரு பயனும் தெரியவில்லை. ஜப்பானின் நாகாய் நாகயோஷி, எபெட்ரா என்ற மூலிகையில் இருந்து பிரித்த எபெட்ரினைக் கொண்டு 1893இல் மெதம்பெட்டமினைத் தயாரித்தார். 1919இல் அகிரா ஒகாதா அதைப் பளிங்கு வடிவில் எடுத்தார். இன்று ஐஸ் என்று பெயர் பெற்றிருப்பது அந்தப் பளிங்கு. 1930களில் அமெரிக்காவில் அம்பெட்டமின் 'பென்செட்ரின்' என்ற பெயரில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக விற்பனையானது. 1937இல் சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் அதே மருந்தை அமைதியற்ற சிறுவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் வகுப்பில் அமர்ந்து படிக்கிறார்கள் என்று எழுதினார். மறு ஆண்டு ஜெர்மனியில் 'பெர்விட்டின்' என்ற பெயரில் மெதம்பெட்டமின் குளிசை மருந்துக்கடைக்கு வந்தது. பிறகு அது படைவீரர்களின் பைக்குள் போனது. சுவிஸ் நிறுவனமான சீபாவில் 1944இல் மெதைல்பெனிடேட்டைக் கண்டுபிடித்த லியாண்ட்ரோ பனிசோன், தன் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு 'ரிட்டலின்' என்று பெயர் வைத்தார். மெதம்பெட்டமின் அமெரிக்காவில் இன்றுவரை சட்டபூர்வமான மருந்துதான். 'டெசொக்சின்' என்ற பெயரில் 1943இலேயே அனுமதி பெற்றது. துண்டு எழுதினால் மருந்து, எழுதாவிட்டால் போதை. பொருள் ஒன்றே.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், ஐந்து கிராமும் அதற்கு மேலும் மெதம்பெட்டமின் வைத்திருப்போருக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமளித்தது. 1929ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்தில் ஹெரோயினுக்கு 1984இல் வந்த கடுமை, 38 ஆண்டுகள் கழித்து ஐஸுக்கும் வந்தது. பிரிகபலின் அந்தத் திருத்தத்தின் பேசுபொருள் அல்ல. அது மருந்து. மருந்தென்ற அந்தத் தகுதியே அதற்கு மறைவிடமும் ஆகிவிட்டது.

படிக்கிற பிள்ளைக்கு ஊக்கி மருந்து உதவுமா என்ற கேள்விக்கு 2023இல் மெல்பேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனிக்கத்தக்க ஒரு விடை தந்தார்கள். நோயற்ற 40 பேருக்கு மெதைல்பெனிடேட், டெக்ஸ்அம்பெட்டமின், மொடாபினில் ஆகியவற்றையும் வெற்றுக் குளிசையையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து, கடினமான கணக்குகளைப் போடச் செய்தார்கள். மருந்து எடுத்த நாளில் அவர்கள் கூடுதல் நேரம் உழைத்தார்கள், கூடுதல் வழிகளை முயன்று பார்த்தார்கள். அப்படியிருந்தும் விடையின் தரம் கூடவில்லை. முயற்சியின் தரமோ குறைந்தது. உயர்தரப் பரீட்சைக்காக டியூஷனில் இருந்து டியூஷனுக்கு ஓடும் பிள்ளை உள்ள எந்த வீட்டுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேரவேண்டும். குளிசை தருவது சுறுசுறுப்பாய் இருக்கிறோம் என்ற உணர்வை. படிப்பை அது தருவதில்லை.

மன்னாரில் இராக் கண் விழிப்புக்குப் பரீட்சை மட்டும் காரணமல்ல. இங்கே தொழிலே இராத் தொழில். வலை விட்டுக் காத்திருக்கும் இரவு, அலை மாறும் நேரம் பார்த்துப் புறப்படும் பின்னிரவு, மீன் ஏற்றிய லொறி கொழும்புச் சந்தைக்கு விடிவதற்குள் சேரவேண்டிய அவசரம். களைப்பை மறக்க வைக்கும் எந்தப் பொருளுக்கும் இப்படிப்பட்ட தொழிலில் கேட்பார் இருப்பார்கள். ஜப்பானில் 1941இல் வந்த 'பிலோபோன்' என்ற மெதம்பெட்டமின் குளிசை இரவு வேலைத் தொழிலாளரிடமும் பரவியது. போர் முடிந்ததும் கையிருப்பு சந்தைக்கு வந்தது. தோற்ற நாடு, வேலையற்ற இளைஞர்கள், மருந்துக்கடையில் தாராளமாகக் கிடைக்கும் ஊக்கி. 1951இல் ஊக்கிகளைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 1954 ஒரே ஆண்டில் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன் கீழ் கைதானார்கள். அதன் பின் சில ஆண்டுகளிலேயே அந்த அலை தணிந்தது. தண்டனை கடுமையானதும், பழகியவர்களை வைத்தியசாலையில் சேர்க்கச் சட்டம் வழி செய்ததும், நாட்டில் வேலை பெருகியதும் ஒரே காலத்தில் நடந்தன. மூன்றில் எது கூடுதலாக வேலை செய்தது என்று அறுதியிட முடியாது. ஆனால் கைதை மட்டும் தனியே பிரித்தெடுத்து அதற்குப் பெருமை சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

போர் முடிந்த சமூகம் என்ற வகையில் அந்த ஜப்பானை மன்னார் வாசகர் எளிதில் அடையாளம் காண்பார். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், பலமுறை இடம்பெயர்ந்து திரும்பிய மாந்தை, முசலிப் பகுதிக் கிராமங்கள், இந்தியாவில் முகாம்களில் பிறந்து திரும்பி வந்த பிள்ளைகள். போரின் வடு தனி ஆளில் மட்டும் தங்குவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் பிணைக்கும் கட்டுகளையே அது தளர்த்துகிறது என்று யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறார். 1993இல் வந்த அவருடைய 'மனவடு' தமிழில் இத்துறைக்கான முன்னோடி நூல். குடியும் போதையும் அந்தத் தளர்வின் வழியாகவே உள்ளே வருகின்றன. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று பதினாறு பதினேழு வயதுக்காரர். அவர்கள் குண்டுச் சத்தம் கேட்டதில்லை. கேட்ட பெற்றோரின் நித்திரையின்மையோடு வளர்ந்தவர்கள்.

இனிப் பிரிகபலினுக்கு வருவோம். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மனின் ஆய்வுகூடத்தில் வலிப்பு மருந்துக்கான தேடலில் அது பிறந்தது. 2004இல் 'லிரிக்கா' என்ற பெயரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. நரம்பு முனையில் கல்சியம் நுழையும் வாயில்களின் ஒரு பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, வலியையும் பதற்றத்தையும் கடத்தும் வேதிப்பொருள்கள் வெளியேறுவதை அது குறைக்கிறது. நீரிழிவால் காலெரிவு கண்ட முதியவருக்கு இது பெரிய ஆறுதல். அக்கி வந்துபோன இடத்தில் நின்றுவிட்ட வலிக்கும் அப்படியே. அந்த மருந்தைக் கெட்ட பொருள் என்று எழுத நான் வரவில்லை. அது இல்லாமல் தவிக்கும் நோயாளிகள் இதே மாவட்டத்திலும் இருப்பார்கள்.

வைத்தியர் தரும் உச்ச அளவு பொதுவாக நாளொன்றுக்கு 600 மில்லிகிராம். போதைக்காக எடுப்பவர்கள் அதையும் தாண்டிப் போகிறார்கள். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் தலைக்கு ஏறும். கவலை விலகும், வாய் கலகலக்கும், நடை தள்ளாடும். குடித்தவனைப் போல இருப்பான், ஆனால் மணம் இராது. தாய் சந்தேகப்பட்டு வாயை முகர்ந்து பார்த்தாலும் பிடிபடாது. ஹெரோயினையும் கஞ்சாவையும் ஐஸையும் கண்டுபிடிக்கும் வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டிகளிலும் பிரிகபலின் தெரியாது, அதற்கென்று தனிச் சோதனை வேண்டும். மதுவோடோ ஹெரோயினோடோ சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த ஆபத்தைப் பற்றித் தனியாக எச்சரித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரித்தானியா பிரிகபலினைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. இந்தியாவில் அது துண்டுக்கு மட்டும் விற்கவேண்டிய மருந்துகளின் வகையில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்ட டிரமடால் என்ற வலிநிவாரணிக்கு நேர்ந்த இறுக்கம் இதற்கு நேரவில்லை. ஒரு மருந்தை இறுக்கினால் வியாபாரம் அடுத்த மருந்துக்கு நகரும். டிரமடால் இறுகியபின் தமிழ்நாட்டு நகரங்களில் டாபென்டடால் என்ற இன்னொரு வலிநிவாரணி இளையோரின் போதையானது இந்த நகர்வில்தான்.

கடலைப் பற்றிச் சொல்லாமல் மன்னாரைப் பற்றி எழுத முடியாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர். இடையில் மணல் திட்டுகள். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சின்னப் படகுக்கு அது ஓர் இரவின் ஒரு பகுதி. 1914இல் தொடங்கிய கப்பல் சேவை 1980களில் போரோடு நின்றது. 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. ஆனாலும் விலையில் வித்தியாசம் வரும்போதெல்லாம் பொருள் கோட்டைத் தாண்டியிருக்கிறது. 2019 இறுதியில் இலங்கை மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டதும், இதே கரைகளில் மஞ்சள் மூட்டைகள் வந்திறங்கத் தொடங்கின. சமையலறை மஞ்சளுக்காக ஆட்கள் கைதானார்கள். இங்கிருந்து அங்கே கடலட்டையும் தங்கமும் போகின்றன. இந்தியக் கடலில் கடலட்டை பிடிக்க 2001இலிருந்து தடை இருப்பதுதான் அந்தக் கடத்தலின் வேர். மண்டபம், வேதாளை, கீழக்கரை, தூத்துக்குடி என்ற அக்கரைப் பெயர்களும் தலைமன்னார், பேசாலை என்ற இக்கரைப் பெயர்களும் செய்திகளில் சோடியாகவே வருகின்றன. மஞ்சளுக்குத் திறந்த வழியே குளிசைக்கும் வழி. குளிசைக்கு இன்னும் வசதி. பாரம் குறைவு, மணமில்லை, தண்ணீர் புகாத உறையில் கட்டிப் பற்றைக்குள் மறைத்துவிட்டுப் போகலாம்.

மண்டபம் என்ற பெயரை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளரை அங்கேயே முகாமில் நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடல் தாண்ட விட்டார்கள். காய்ச்சல் கண்டவர் தங்க வேண்டும். அந்த முகாமே பின்னர் ஈழத்து அகதிகளின் முகாம் ஆனது. ஒரு மனிதன் இந்த முப்பது கிலோமீற்றரைக் கடக்க வைத்தியரின் அனுமதி தேவைப்பட்ட காலம் இருந்தது. இன்று வைத்தியரின் அனுமதியோடு மட்டுமே கைமாறவேண்டிய மருந்து, ஒரு வைத்தியரின் கண்ணிலும் படாமல் அதே நீரைக் கடக்கிறது.

2022 மார்ச் 22 அன்று, பொருளாதார நெருக்கடி தாங்காமல் இலங்கையிலிருந்து படகில் போன முதல் 16 பேர் இராமேசுவரம் கரையில் இறங்கினார்கள். மண்டபம் முகாம் அவர்களையும் ஏற்றுக்கொண்டது. அந்த மாதங்களில் இலங்கை வைத்தியசாலைகளில் அடிப்படை மருந்துகளுக்கே தட்டுப்பாடு. சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. மே மாதம் தமிழ்நாட்டு அரசு சென்னையிலிருந்து அனுப்பிய முதல் கப்பலில் 9,000 மெட்ரிக் தொன் அரிசி, 200 தொன் பால்மா ஆகியவற்றோடு 24 தொன் மருந்தும் இருந்தது. மருந்துத் துண்டு கையிலிருந்தும் பாமசியில் மருந்தில்லாமல் மக்கள் திரும்பிய காலம் அது. அக்கரையின் மருந்துக்கு இக்கரையில் எவ்வளவு உண்மையான தேவை இருக்கிறது என்பதை அந்த ஆண்டு காட்டியது. தேவையுள்ள இடத்தில் சட்டபூர்வமான வழி அடைபட்டால் மற்ற வழி அகலும். தொழிலும் அப்போது படுத்துவிட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. கடலை நன்கு தெரிந்த, கையில் காசில்லாத பெடியளுக்கு ஒரு மூட்டையை இறக்கிக் கொடுக்கும் கூலி எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று ஊகிக்கக் கடினமில்லை. கரையில் பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கூலிக்காரர்களே. முதல் போட்டவன் கடலோரம் வருவதில்லை.

அரசின் பதில் பெரும்பாலும் கைதாகவே இருந்துவருகிறது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' நடவடிக்கை நாடு முழுவதும் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் கைதுகள் நாளுக்கு நாள் அறிவிக்கப்பட்டன. கைப்பற்றிய குளிசைகளை எண்ணுகிறோம், கைதானவர்களை எண்ணுகிறோம். விழுங்கியவன் அடுத்த வாரம் என்ன ஆனான் என்பதற்கு அந்த அறிவிப்புகளில் இடமில்லை. என் குறையெல்லாம் இதுதான். பிரிகபலினைத் தொடர்ந்து அதிக அளவில் எடுத்தவனைச் சட்டென்று நிறுத்தச் செய்தால் நித்திரை போகும், வியர்வை, வாந்தி, கடும் பதற்றம், சிலருக்கு வலிப்பே வரும். விளக்கமறியலில் பூட்டியதும் நடப்பது இந்தச் சட்டென்று நிறுத்தல்தான். ஐஸை விட்டவனுக்கு நேர்வது வேறு. நாள்கணக்கில் உறக்கம், பிறகு ஒன்றிலும் மனம் ஒட்டாத வெறுமை, தற்கொலை எண்ணம். இரண்டுக்கும் தேவை வேறுவேறு கவனிப்பு. எதை விழுங்கினான் என்று கேட்காமல் எல்லோரையும் 'போதைக்கு அடிமை' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் அந்தக் கவனிப்பு கிடைக்காது.

பிறகு 'புனர்வாழ்வு' என்ற சொல். தெற்கில் அது போதை மறுவாழ்வைக் குறிக்கலாம். வடக்கில் அதற்கு 2009இன் ஞாபகம் இருக்கிறது. சரணடைந்த பிள்ளைகளை முள்வேலிக்குள் வைத்திருந்த இடங்களுக்கும் அதே பெயர். முன்னாள் போராளிகளை வைத்திருந்த கந்தகாடு, பின்னர் போதைக்குப் பழகியவர்களுக்கான நிலையமாயிற்று. 2022 ஜூன் இறுதியில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியக மசோதா, போதைக்குப் பழகியவர்களோடு முன்னாள் போராளிகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. உச்ச நீதிமன்றம் அதன் ஏற்பாடுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்ன பிறகே திருத்தப்பட்டு, 2023 ஜனவரியில் நிறைவேறியது. இந்த வரலாறு தெரிந்த ஒரு மன்னார்த் தாயிடம், மகனைப் புனர்வாழ்வுக்கு அனுப்புங்கள் என்று அதிகாரி ஒருவர் சொன்னால், அவள் அவனை உள்ளறையில் மறைப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் நெடுங்காலம் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி என்று தெற்கிலும் மலைநாட்டிலுமே இருந்தன. தன் பயத்தைத் தன் மொழியில் சொல்லமுடியாத இடத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பெடியன் என்ன குணம் காண்பான்?

சபையின் 1927 என்ற ஆலோசனை இலக்கமும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இருக்கின்றன. பாடசாலைச் சுவர்களிலும் மீனவர் சங்கக் கட்டடங்களிலும், கோவில், பள்ளிவாசல், தேவாலய அறிவிப்புப் பலகைகளிலும் அவை தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொலைபேசியில் தொடங்கும் பேச்சு ஒரு கிளினிக்கில் போய் முடியவும் வேண்டும். குளிசையிலிருந்து விடுவிக்கும் வைத்தியம் அரிதான வித்தை ஒன்றுமில்லை. பிரித்தானியாவில் வைத்தியர்களுக்கு 2014இல் தந்த ஆலோசனை எளிமையானது: நாளாந்த அளவை வாரத்துக்கு 50 முதல் 100 மில்லிகிராமுக்கு மேல் குறைக்காதீர்கள்.

அந்த ஆலோசனையை மன்னாருக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். நாளுக்கு 300 மில்லிகிராம் குளிசை மூன்று விழுங்கும் ஒருவன், வாரம் 100 குறைத்தால் ஒன்பது வாரம். உடல் தாங்காமல் வாரம் 50 மட்டும் குறைத்தால் பதினெட்டு வாரம். இந்த வாரங்களில் அதே மருந்தைத்தான், குறைந்து குறைந்து, வைத்தியர் கையெழுத்திட்ட துண்டுக்கு வாரா வாரம் அவன் வாங்க வேண்டும். மொத்தமாகக் கொடுத்தால் விற்றுவிடுவான், அல்லது ஒரே நாளில் விழுங்கிவிடுவான். பேசாலையிலிருந்து மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு பஸ் இருக்கிறது, அரை நாள் தொழில் போனால் வந்து போகலாம். சிலாவத்துறைக்கும் முள்ளிக்குளத்துக்கும் இன்னும் தூரம். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போ என்றால் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிடுவான். ஆகவே ஒன்பது கிளினிக் நாட்கள், அல்லது பதினெட்டு. ஒவ்வொரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர், தமிழில் அவன் சொல்வதைக் கேட்க ஒருவர், அம்மம்மாவின் பிரஷர் குளிசையைப் போலவே காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று எழுதிய ஒரு சின்னக் கடதாசிப் பை.